குழந்தையின் றெக்கை

திருநெல்வேலியில் அந்தக் கட்டடத்தின் வாசலில் 'வாழ்நாள் பறப்புரிமை மாவட்ட அலுவலகம்' என்று மூன்று மொழிகளில் பலகை வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை முழுசாகச் சொன்ன ஆள் ஊரிலேயே கிடையாது. ஆட்டோவில் ஏறி 'றெக்கை ஆபீஸ்' என்றால் போதும், வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். உள்ளே இரண்டாம் எண் கவுண்டரில் உட்கார்ந்திருந்த சிவரஞ்சனிக்கும் 'றெக்கை மேடம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோவில்பட்டி காய்கறிச் சந்தையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

பூமி சூடேறிக்கொண்டே போன வருஷங்களில் நாடுகளெல்லாம் கூடி உட்கார்ந்து, சண்டை போட்டு, எழுந்து போய், மறுபடி வந்து உட்கார்ந்து, கடைசியில் ஒருவழியாக ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. நிலக்கரியை மூடினார்கள். வீடு கட்டுகிற விதத்தை மாற்றினார்கள். வெயில் காலத்தில் வெளிவேலையெல்லாம் விடியலோடு முடிந்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதையெல்லாம் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே பழகிக்கொண்டார்கள். மனசில் தைத்தது விமான விஷயம்தான். ஒரு மனிதருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு பறத்தல், ஒரு தடவை போய் ஒரு தடவை திரும்பலாம், அவ்வளவுதான். அதைத்தான் ஜனங்கள் றெக்கை என்றார்கள். விற்க முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, செத்தால் அதுவும் கூடவே போய்விடும். ஆயிரம் தடவை பறந்தவனுக்கும் ஒன்றுதான், விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவளுக்கும் ஒன்றுதான் என்று அந்தக் கூட்டத்தில் ஒற்றைக்காலில் நின்றது நம் நாடுதான். அந்தக் கதையைக் கவுண்டரில் யாராவது கேட்டுவிட்டால் சிவரஞ்சனி பின்னால் வரிசை நிற்பதையே மறந்துவிடுவாள்.

தென்மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒன்றைச் சாவுக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். அக்கரையில் இருக்கிற அண்ணன் போனால் முகம் பார்க்க, மகன் போனால் முகம் பார்க்க. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நல்லா இருக்கிற மனுஷரை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை எப்படி எடுப்பது? 'ஒரு அவசர ஆத்திரத்துக்கு வேணும்லா' என்று இழுப்பார்கள். சிவரஞ்சனியின் புருஷன் அழகுவேல் அப்படித்தான் தன் றெக்கையைத் தீர்த்துவிட்டு வந்தார். கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளில் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. குவைத்தில் தம்பி மாரடைப்பில் போனபோது, பெட்டிக்குள் இருந்த முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பினார். அதற்கப்புறம் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம்தான் சிவரஞ்சனி கறாராக இருப்பாள். மடியில் வைத்துக்கொண்டு போனாலும் குழந்தையின் கணக்கில் அந்த ஒன்று கழிந்துவிடும். சட்டம் அவர்களைத் தடுக்காது. சிவரஞ்சனி தடுப்பாள்.

"நாளைக்கு இவன் வளந்து வந்து, எல்லாருக்கும் ஒண்ணு இருக்கு, எனக்கு மட்டும் ஏன் இல்லன்னு கேப்பான். நீ பால்குடிச்சிக்கிட்டு இருக்கும்போதே போயிட்டு வந்துட்டடான்னு சொல்லுவியா? யோசிச்சுட்டு வாம்மா."

நிறையப் பேர் யோசித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள். சாயங்கால ரயிலில் ஊர் திரும்பும்போது, இன்றைக்கு ஒரு பிள்ளையின் சொத்தைக் காப்பாற்றினேன் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அந்தத் தாய்மார்களின் முகத்தை அவ்வளவாக நினைத்துப் பார்த்ததில்லை.

இந்தச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குக் கணக்கு இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்தில் வெறும் வழக்கமாக இருந்ததுபோய், றெக்கை வந்தபிறகு கெட்டியான ஏற்பாடாகவே ஆகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கிற பெண் ஏழாம் மாசம் பறந்து வந்து, வளைகாப்புப் போட்டு, பெற்றெடுத்து, பிள்ளை கப்பல் தாங்குகிற வயசு வந்ததும் கடல்வழியாகத் திரும்புவாள். பிள்ளையின் றெக்கை அப்படியே இருக்கும்.

சிவரஞ்சனியின் ஒரே மகள் நறுமுகை நோர்வேயின் வடகோடியில், ட்ரொம்சோ என்கிற ஊரில் இருந்தாள். உருகிப்போன பனிக்கடலை மறுபடி உறைய வைக்கிற வேலை. குளிர்காலம் முழுக்கக் கடல்நீரை இறைத்துப் பனிமேல் ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்ற அது உறைந்து கனமாகும். பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து செய்கிற வேலை அது. போகும்போது கப்பலிலும் ரயிலிலுமாக இரண்டு மாசம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தாள். அவள் கட்டிக்கொண்ட நிரோஷன், யாழ்ப்பாணத்திலிருந்து எப்போதோ அங்கே போய்க் குடியேறியவர்களின் பேரன்.

உண்டானதும், பிரசவத்துக்கு வா என்று சிவரஞ்சனி கூப்பிட்டாள். பனி உறைகிற பருவம்மா, இப்ப விட்டா அடுத்த வருஷம்தான், நான் இல்லாமல் எப்படி என்று மகள் சொன்னாள். சிவரஞ்சனிக்கு வருத்தம்தான். ஆனாலும் என் மகள் உலகத்துக்கே பனி உறைய வைக்கிறாள் என்று ரயிலில் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டாள்.

ஐப்பசியில் சிவரஞ்சனிக்குக் காய்ச்சல் வந்து விடாமல் நின்றது. மதுரையில் பார்த்தார்கள். ரத்தத்தில் புற்று. டாக்டர் நல்ல மனுஷி, சுற்றி வளைக்காமல் சொன்னாள். மருந்து கொஞ்ச நாளை நீட்டும், அடுத்த ஆடியைத் தாண்டுவது கஷ்டம் என்றாள். நறுமுகைக்கு அப்போது ஏழாம் மாசம்.

அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பனியாவது கடலாவது என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்திருப்பாள். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியிடம் இப்படி ஒரு சேதியைச் சொல்லலாமா? அழகுவேல் கூடாது என்றார். அவருடைய அக்கா கூடவே கூடாது என்றாள், வயிற்றுப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டாள். சிவரஞ்சனிக்கும் அதுவே சரியென்று பட்டது. பெற்று எழுந்திருக்கட்டும், சொல்லிக்கொள்ளலாம். போனில் பேசும்போது முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, சிரித்துச் சிரித்துப் பேசினாள். சட்டத்தை வரிவரியாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தவளுக்கு, கதவு ஒன்று சாத்திக்கொண்டு வருவது அப்போது உறைக்கவே இல்லை.

தை மாசக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. இருட்டும் குளிருமான ஊரில் பிறந்த பிள்ளைக்கு, விருதுநகர்ப் பக்கத்து அம்மன் பெயரை நினைத்துக்கொண்டு வெயிலுகந்தாள் என்று பெயர் வைத்தாள் நறுமுகை. அங்கே இருக்கிறவர்களுக்கு அது வாயில் நுழையாததால் வெயில் என்று கூப்பிட்டார்கள். முப்பது நாள் கழிந்ததும் அழகுவேல் போனை வாங்கி விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டுப் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.



"ஏம்மா, அப்பவே சொல்லியிருந்தா வயித்துல வெச்சுக்கிட்டே வந்திருப்பேனே" என்றாள் நறுமுகை.

அப்போதுதான் சிவரஞ்சனிக்குத் தான் செய்தது முழுசாகத் தெரிந்தது. இனி அந்தக் குழந்தை கோவில்பட்டிக்கு வர வேண்டுமென்றால் தன் றெக்கையைத் தீர்த்துத்தான் வர வேண்டும். ஒன்றரை மாசம் கப்பலில் வருகிற வயசா அது? மார்ச்சளி பிடித்தால் நடுக்கடலில் யார் பார்ப்பது? குழந்தையை விட்டுவிட்டு நறுமுகை மட்டும் வரலாம். பால்குடிப் பிள்ளையை அப்படி விட்டுவிட்டு வா என்று எந்தத் தாய் சொல்லுவாள்?

நறுமுகை யோசிக்கவே இல்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறோம், பெரியவளானால் நான் பேசிக்கொள்கிறேன், என் பிள்ளை என்னைப் புரிந்துகொள்ளாமல் போய்விடுவாளா என்றாள். சிவரஞ்சனி ஒரு தடவை வேண்டாம் என்றாள். இரண்டாவது தடவை சொல்ல நாக்கு எழவில்லை. போனில் குழந்தையின் முகம் தெரிந்தது, கொட்டாவி தெரிந்தது, ஆனால் கையில் ஏந்துகிற கனம் அதில் தெரியாதே. அந்தக் கனம் அவளுக்கு வேண்டியிருந்தது. சரி, வாங்க என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க அவளுக்கு நோயே இல்லாத மாதிரி இருந்தது. பழைய நூல்புடவைகளை எடுத்துக் கஞ்சி போகத் துவைத்துத் தொட்டிலுக்கென்று மடித்து வைத்தாள். அழகுவேல் உத்தரத்தில் கொக்கி மாட்டினார். தானே அதில் தொங்கிப் பார்த்துத் தாங்கும் என்றார். இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் உடம்பு இருந்த இருப்பிலும் ஆபீஸ் போனாள். கவுண்டருக்கு ஏரல் பக்கத்துப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். பினாங்கில் புருஷனின் அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறாராம், பேரனைப் பார்க்க வேண்டுமென்று ஒரே பிடிவாதமாம். "நீங்கதான் புத்தி சொல்லுவீங்கன்னு எங்க ஊர்ல சொன்னாங்க மேடம். கூட்டிட்டுப் போகவா, வேண்டாமா?" என்று கேட்டாள். குழந்தை கவுண்டரில் இருந்த பேனாவைப் பிடித்து இழுத்தது.

சிவரஞ்சனி வாயைத் திறந்தாள். வழக்கமாக வருகிற சொற்கள் வரவில்லை. கூட்டிட்டுப் போ என்று சொல்லவும் முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து பின்கட்டுக்குப் போனவள், குழாயடியில் நின்று அழுதாள். எத்தனை கிழவர்களின் மடியை நான் காலியாக்கினேன் என்று அழுதாள். அப்படியே என் மடிக்கென்று வரும்போது மட்டும் சட்டம் இளகிவிட்டதா என்றும் அழுதாள். திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம், "எனக்குத் தெரியலம்மா, நீயே முடிவு பண்ணு" என்றாள். அப்படி ஒரு பதிலை அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதே இல்லை.

ரயிலில் வரும்போது வெளியே கரிசல் காடு நெடுகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் பிறந்த காலத்தில் விமானத்தில் பறந்தவர்கள், காரில் போனவர்கள், நாள் முழுக்க ஏசியை ஓடவிட்டவர்கள், யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் ஒரு பேத்தி, ஒரு கல்யாணம், ஒரு ஆசை இருந்தது. பெரியவர்களானால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள் என்று அவர்களும்தான் நினைத்திருப்பார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். குழந்தை வர வேண்டாம், தானே போவது.

அவளுடைய றெக்கை தொடாமல் அப்படியே இருந்தது. டாக்டரிடம் கேட்டபோது, உங்கள் ரத்தத்துக்கு அவ்வளவு உயரம் நல்லதில்லை, ஆக்சிஜன் கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் போனால் இன்னொரு தடவை பறந்து திரும்புகிற தெம்பு இருக்காது என்றாள். போவது மட்டும்தான், திரும்புவது இல்லை. உடலை விமானத்தில் ஏற்றுவதை உடன்படிக்கை என்றைக்கோ நிறுத்திவிட்டது. எரிப்பதானாலும் அந்த ஊரில்தான்.

அழகுவேலிடம் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்குக் கப்பல்தான் உண்டு. அவர் போய்ச் சேர்கிற நேரம் இவள் இருப்பாளா என்பது யாருக்குத் தெரியும்? இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவள் கடைசியில் தன் கைக்குள் இல்லாமல் போவதா என்று அவருக்குப் பொங்கியது. நோயைவிட அந்த இரண்டு நாள் மௌனம்தான் சிவரஞ்சனியை வாட்டியது. நீங்கள் வேண்டாமென்றால் போகவில்லை என்று மூன்றாம் நாள் அவளே சொன்னாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள்.

அவர் தொட்டில் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏளா, நான் குவைத்துக்குப் போனேம்லா. அவன் மொகத்தப் பாத்தேன். அண்ணன் வந்திருக்கேன்டான்னு சொன்னேன். அவன் என்னயப் பாக்கலயே. இருக்குற ஒரே றெக்கைய, பாக்காத மொகத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்தேன். யாருட்டயும் சொல்லல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ போ. அந்தப் பிள்ளை உன்னயப் பாக்கும். நான் பின்னாலயே கப்பல்ல வாரேன்."

"நீங்க வந்து சேருததுக்கு முன்னால..."

"வாய மூடு. இருப்ப நீ."

நறுமுகை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, கோபப்பட்டாள், அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டுத் தேம்பினாள். பங்குனியில் சிவரஞ்சனி சென்னையிலிருந்து கிளம்பினாள். நோயாளி என்பதால் முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். அத்தனை வருஷம் ஜனங்களை ஏற்றி அனுப்பியவள் அன்றுதான் விமானத்தை உள்ளே பார்த்தாள். மேலே போனதும் மூச்சுக் கஷ்டப்பட்டது. பயமாகவும் இருந்தது. மேகத்துக்கு மேலே அவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் நோயை மறந்து சின்னப்பிள்ளை மாதிரி சன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

ட்ரொம்சோவில் நிரோஷன் சக்கர நாற்காலியோடு காத்திருந்தான். "வாங்கோ மாமி, குளிருதோ?" என்று தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டான். நறுமுகை குழந்தையைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வெயில் கண்ணைத் திறந்து, புதிதாக வந்த இந்தக் கறுத்த மெலிந்த முகத்தை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அழகுவேலின் கப்பல் சித்திரை முடிகிற சமயம் வந்து சேர்ந்தது. அதுவரை சிவரஞ்சனி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் மீண்டாள். துறைமுகத்துக்கு அவளையும் கூட்டிப் போனார்கள். தாடியும் குரங்குக் குல்லாவுமாக இறங்கி வந்தவரைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுதது. "நல்ல வரவேற்பு" என்றார் அவர். மனைவியின் கையைப் பிடித்தவர் வீடு வரும்வரை விடவில்லை.

அந்த ஊரில் அந்தப் பருவத்தில் சூரியன் மறைய மனசில்லாமல் வானத்தோரத்திலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். ஒரு சாயங்காலம் சன்னலோரம் சாய்வு நாற்காலியில் சிவரஞ்சனி பேத்தியோடு இருந்தாள். வெளியே குன்றுகளில் பனி இருந்தது. இந்த வருஷம் கடலில் உறைந்தது போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூட என்று நறுமுகை சொன்னாள். அந்தக் கொஞ்சத்தைச் சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சொல்லிவிட்டு அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"இவ பெரியவளானதும் இவ றெக்கையில கோவில்பட்டிக்குக் கூட்டிட்டு வருவேம்மா. நம்ம வீடு, நீ போன ரயிலு, உன் ஆபீசு எல்லாத்தையும் காட்டுவேன். உன்னாலதான் இவளுக்கு அது மிச்சமிருக்குன்னு சொல்லுவேன்."

அழகுவேல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவரஞ்சனி குழந்தையின் காலுறையை இழுத்துச் சரிசெய்தாள்.

"வேண்டாம் மக்கா."

"ஏன்ம்மா?"

"அது அவளுக்குள்ளது. எனக்காக ஒரு எடத்துக்குப் போகணும்னு அவ காதுல போட்டு வளக்காத. கடலப் பாக்கணும்னாலும் சரி, காட்டப் பாக்கணும்னாலும் சரி, அவளுக்குப் பிடிச்ச எவனையாவது பாக்கணும்னாலும் சரி. ஒரு எடத்துக்கும் போகாம வெச்சுக்கிட்டே இருந்தாலும் சரிதான். நான் விட்டுக்கொடுத்தேன்னு மட்டும் சொல்லிராத. சொன்னா அது கடனாயிரும்."

நறுமுகை அம்மாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். சிவரஞ்சனி அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை ஒருநாள் வளர்ந்து வந்து கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கி, இங்கேதானே எங்க ஆச்சி இருந்தா என்று கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை, அவ்வளவு ஆசை. பெற்ற மகளிடம் நோயை மறைத்துப் பட்டதெல்லாம் போதாதா என்று ஒரு கணம் தோன்றியது. இருந்தாலும் இந்த ஆசையை அவள் சொல்லவில்லை. குழந்தை பசித்துச் சிணுங்கவும், மகளிடம் எடுத்துக் கொடுத்தாள்.